ஈரத்துணியில் மல்லிகை

மே 4, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரர் புதுவருஷத்துக்கு என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் பூச்சிமருந்து விளம்பரம். ஜனவரியிலிருந்து நேற்று வரை ஒரு எழுத்து இல்லை, எழுத எனக்கு ஏது நேரம். இன்று நேரம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன்.

நாளை கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எனக்கோ உள்ளுக்குள் குதியாட்டம். மூன்று வருஷமாக அது என்னைப் படுத்திய பாட்டுக்கு, போய்த் தொலையட்டும். ரவிக்கைக்கு அளவு கொடுத்த பெண்களை எல்லாம் அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, வேளைக்கு யாரோ சமைத்த சோறு வருகிறது, பாத்திரத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டு போகிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சொகுசை நான் கண்டதில்லை.

கூடத் தங்க ஆள் இல்லை. மகள் கோயம்புத்தூரில் பரீட்சை எழுதுகிறாள். இவர் நிலக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர், டியூட்டி முடித்துப் பார்வை நேரத்துக்கு வந்தால் உண்டு. சாயங்காலம் வந்தார். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் மல்லிகைப்பூ. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"என்னங்க, புதுசா இருக்கு?"

"பஸ்ல எல்லாரும் வாங்கிட்டு வந்தாக. நானும் வாங்குனேன்."

இருபது வருஷமாகப் பூக்கூடை ஏற்றுகிற பஸ்ஸில்தான் இவருக்கு வேலை. இன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. மனிதர் பயந்து போயிருக்கிறார். அந்தப் பயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மே 5, செவ்வாய்

இன்று ஆபரேஷன். ஒருவேளை நான் திரும்பி வராவிட்டால்: சாம்பார்ப்பொடி மேல் அலமாரியில் நீல டப்பா. போஸ்ட் ஆபீஸ் மேடம் ரவிக்கைக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை.

மே 7, வியாழன்

திரும்பி வந்துவிட்டேன். வலி இருக்கிறது, அதை எழுதிப் பக்கத்தை வீணாக்கப் போவதில்லை.

கட்டு மாற்றும்போது தலையைத் தூக்கித் தையலைப் பார்த்தேன். கை வாகு நல்ல வாகுதான். இடைவெளி சீராக இருக்கிறது. இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இழுத்திருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அடுத்த தடவை கவனிச்சுக்கறேன்மா" என்றார். அடுத்த தடவை எடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நர்ஸ் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டது.

மே 8, வெள்ளி

இவர் இன்று உதிரிப்பூவாகவே ஒரு பை நிறையக் கொண்டுவந்துவிட்டார். யாரோ வியாபாரி பிரியமாகக் கொடுத்தாராம். கல்யாண வீட்டுக்கே காணும். "இத்தனையும் என் ஒரு தலைக்கா?" என்றால், "வாடுனா நாளைக்கி வேற கொண்டாரேன்" என்கிறார். ஆபரேஷன் எனக்கா, இவருக்கா?

பூவை வாட விடலாமா. இவருடைய பழைய வேட்டித் துணி ஒன்று பையில் இருந்தது. வார்டுக் கோடியில் இருக்கிற கைகழுவும் தொட்டிக் குழாயில் அதை நனைத்துப் பிழிந்து பூவை மூட்டை கட்டிக் கட்டில் கம்பியில் மாட்டினேன். டம்ளரில் தண்ணீர் பிடித்து வாழைநாரை ஊறப்போட்டேன். உட்கார்ந்தபடியே கட்ட ஆரம்பித்தேன். ஆளுக்கொரு துண்டாக வார்டு முழுக்கக் கொடுத்தேன். பூவை வேண்டாம் என்று யார் சொல்வார்கள். நானே மெல்ல நடந்து போய் ஒவ்வொருத்தர் தலையிலும் வைத்துவிட்டேன்.

வார்டில் பூ கூடாது என்று டியூட்டி சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அவருக்கும் ஒரு முழம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

மே 10, ஞாயிறு

இந்த வார்டுக்கு நான்தான் இப்போது ராணி. காலையில் பூக் கட்டி முடிந்ததும் கட்டில் கட்டிலாக ஒரு சுற்று. பூ வைத்துவிட்டு, "தையலைக் காட்டுங்க பாப்போம்" என்பேன். நான் தையல்காரி என்று தெரிந்ததிலிருந்து எல்லோருக்கும் என் அபிப்பிராயம் வேண்டியிருக்கிறது. கட்டு ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, விரலால் சுற்றி அழுத்திப் பார்த்து மார்க் போடுவேன். பித்தப்பை எடுத்த நூர்நிஷாவுக்கு வயிற்றில் நாலே நாலு பொத்தான் ஓட்டைதான். "இதெல்லாம் ஒரு தையலா, காஜா எடுத்துருக்காங்க" என்றேன். அவள் சிரிக்க, எல்லோரும் சிரிக்க, தையல் தெறித்துவிடும் என்று ஆளுக்கொரு தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு சிரித்தோம். டாக்டர் ரவுண்டு வந்தபோது வார்டே தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கட்டில் காலடியிலும் கைக்குத் தேய்க்க ஒரு மருந்து பாட்டில் மாட்டியிருக்கிறது. அந்த நெடி பூ வாசனையைக் கெடுக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை.

சிரிக்காதவர் ஒருவர்தான். எனக்கு எதிர்க் கட்டில், ராஜாமணியக்கா. நத்தம் பக்கம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். குரல் கொடுத்தால் ஒரு ஊரே வரிசையில் நிற்கும். அவருக்கும் என் ஆபரேஷன்தான், எனக்கு மறுநாள் செய்தது. புருஷன் இறந்து ரொம்ப வருஷமாகிறது. அவருக்குத் துணைக்கு இருக்கிறவர் பேச்சியம்மாள், புருஷனுடைய அக்கா. அவரும் புருஷனை இழந்தவர்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் வெற்று நெற்றியோடு இருக்கிறார்கள். தெரியாமல் பூவை நீட்டிவிட்டேன். ராஜாமணியக்கா திரும்பிப் படுத்தார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் கையில் இருந்த பூ வதங்கியிருக்க வேண்டும்.

மே 11, திங்கள்

இன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பேச்சியம்மாள் துணி துவைக்கப் போயிருந்தார். ராஜாமணியக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஏ தமயந்தி, அதக் கொஞ்சம் இங்கிட்டுக் கொண்டா. மோந்து பாக்குறேன்."

கொடுத்தேன். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

"கர்ப்பப்பையும் போச்சு. இனி எவன் என்னத்தக் கேக்கப் போறான். வையி."

"அக்கா, நெசமாவா?"

"வைக்கிறியா, இல்ல நானே வச்சுக்கவா?"

முடியைக் கோதி, சிக்கெடுத்து, சின்னப் பின்னலாகப் பின்னி வைத்துவிட்டேன். நூர்நிஷா தன் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாள். அக்கா பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தையலப் பாக்க மாட்டியா, எல்லாருதயும் பாக்குற" என்றார். பார்த்தேன். நூற்றுக்கு நூறு போட்டேன். என் தையலைவிட நன்றாக வந்திருக்கிறது என்று டாக்டரம்மா மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மே 13, புதன்

பேச்சியம்மாள் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். போகட்டும். அக்காவுக்கு நான் இருக்கிறேன். தலை வாருவது நான், கைத்தாங்கலாக நடத்துவது நான். நேற்றும் பூ, இன்றும் பூ.

என்னை இன்று வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. சர்க்கரை இறங்கவில்லை, இன்னும் சில நாள் இருங்கள் என்றார் டாக்டரம்மா. முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டேன்.

நூர்நிஷாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். ஒரு பொத்தான் ஓட்டையில் சீழ். தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று நாள் முன்னால் வீட்டுக்குப் போன ஒரு அம்மாவும் தையல் பிரிந்து திரும்பி வந்திருக்கிறாராம். வெயில் காலம், புழுக்கம், அதுதான்.

மே 14, வியாழன்

இன்று புதிதாக ஒரு சிஸ்டர் வந்தார், ஜெசிந்தா. ஒல்லி, மூக்குக்கண்ணாடி. தொற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலையாம். குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குழாயைத் துடைக்கிறார், தொட்டியைத் துடைக்கிறார், கட்டில் கம்பியைத் துடைக்கிறார், ஒவ்வொன்றையும் சின்னக் குழலில் போட்டு மூடுகிறார். குழாய்க்கு ஜலதோஷமா சிஸ்டர் என்று கேட்டேன். சிரிக்காமல், "இருந்தாலும் இருக்கும்" என்றார்.

அவர் என் கட்டிலுக்கு வருவதற்குள் பூ மூட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். பூ கூடாது என்று சொன்ன இடம். அவருக்கு எதற்கு வீண் தொந்தரவு.

மே 15, வெள்ளி

நூர்நிஷாவின் சீழைப் பரிசோதித்த முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா வார்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். வழக்கமாகக் கொடுக்கிற மருந்துக்கு மசியாத கிருமியாம். அந்தக் கிருமியின் மேல் மருந்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்களாம், முக்கால்வாசிக்கு அது அசையவே இல்லையாம். ஊரெல்லாம் தொட்டதற்கெல்லாம் மருந்து விழுங்கி விழுங்கி, தப்பிப் பிழைத்த கிருமியெல்லாம் கில்லாடியாகிவிட்டது என்றார். கடைசியாக வைத்திருக்கிற மருந்து ஒன்று உண்டு, அது சிறுநீரகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டியது, அதுவும் கேட்காவிட்டால் தன்னிடம் வேறு இல்லை என்றார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் ஒன்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

நூர்நிஷாவை மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது கண்ணாடியை ராஜாமணியக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மே 16, சனி

இன்றும் பூ வந்தது. துணியைப் பிரித்தபோது ஒரு மாதிரி வாடை. மறுபடி குழாயில் அலசிப் பிழிந்தேன்.

மே 17, ஞாயிறு

ராஜாமணியக்காவுக்குக் குளிர்காய்ச்சல். கட்டில் கடகடவென்று ஆடுகிறது. கட்டைப் பிரித்தார்கள். நான் நூற்றுக்கு நூறு போட்ட தையல் நடுவில் வாய் பிளந்திருந்தது. அக்காவைத் தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தகவல் போய்ப் பேச்சியம்மாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். அறைக்குள் போகவில்லை. வார்டு நடுவில் நின்றார்.

"தாலி இல்லாதவ தலையில பூவ வச்சா என்ன ஆகும்னு பாத்துக்கிட்டீகளா? எம் தம்பி பொறுப்பானா? சாமி பொறுக்குமா?"

எனக்கு எங்கிருந்து அத்தனை ஆவேசம் வந்ததோ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்தினேன்.

"பூவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எம் பிள்ளை மேல சத்தியமாச் சொல்றேன். இல்லவே இல்ல."

வார்டு முழுக்கக் கேட்டது. திறந்திருந்த கதவு வழியாக அக்காவுக்கும் கேட்டிருக்கும். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம்தான் இருந்தது.

மே 18, திங்கள்

காலையில் ஜெசிந்தா சிஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொட்டியின் தண்ணீர் போகிற குழாயில் அதே கிருமி இருக்கிறதாம், மேலே குழாயைத் திறந்தால் அங்கிருந்து தெறிக்குமாம். ஆனால் தொட்டி கோடியில் இருக்கிறது, சீழ் பிடித்தவர்களெல்லாம் இந்த வரிசையில் இருக்கிறார்கள். தொட்டியிலிருந்து கட்டிலுக்கு அது எப்படி நடந்து வந்தது என்றுதான் தெரியவில்லையாம்.

"நீங்க எல்லாரோடயும் பழகறவங்க. யார் அந்தத் தண்ணிய எதுக்குப் பிடிக்கறாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். யாரையும் திட்டறதுக்குக் கேக்கல. நாளைக்கு மூணு பேருக்கு ஆபரேஷன் இருக்கு. இந்த வார்டுக்குத்தான் வருவாங்க."

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனபின் கட்டிலுக்கடியில் இருந்த பையை எடுத்துத் துணியைத் தொட்டேன். வழவழவென்று இருந்தது. புழுத்த தண்ணீர் வாடை. காலையில் இந்தத் துணியைத்தான் பிழிவேன். இந்தக் கையால்தான் நாரை நனைத்துக் கட்டுவேன். இந்தக் கையால்தான் தலையைக் கோதுவேன், அதே கையால்தான் கட்டு ஓரத்தைத் தூக்கி அழுத்திப் பார்ப்பேன். நூர்நிஷாவுக்குச் செய்தேன். அந்த அம்மாவுக்குச் செய்தேன். அக்காவுக்குத் தினமும் செய்தேன்.

சொன்னால் பேச்சியம்மாள் ஜெயித்துவிடுவார். பூவால்தான் வந்தது என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். அக்கா இனி ஜென்மத்துக்கும் பூவைத் தொடமாட்டார். மகள் மேல் செய்த சத்தியம் வேறு. சொல்லாவிட்டால் நாளைக்கு வருகிற மூன்று பேர். வார்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நடக்கக்கூடாத அளவு நடந்தேன். "ஏங்க்கா, கல்யாண வீட்டு ஆளு மாதிரி அலையிறீங்க" என்று யாரோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். கடைசியில் போய் ஜெசிந்தா சிஸ்டர் மேஜைமேல் பையை வைத்தேன்.

"நான்தான்" என்றேன்.

அவர் உறை மாட்டிக்கொண்டு துணியை எடுத்துப் பார்த்தார். நீண்ட நேரம் தேடிய சாவி கிடைத்த முகம். என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், "அப்பாடா" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சாயங்காலம் இவர் பூவோடு வந்தார். வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். மனிதர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வாங்கியாந்ததுலயா வந்துச்சு?"

"நீங்க வாங்கியாந்தது நல்ல பூ. அதச் சுத்தி வச்ச துணிதான் என் லட்சணம்."

"இனிமே வெறுங்கையோடவா வாரது?"

நன்றாகக் கழுவிய கையோடு வாருங்கள் என்றேன்.

மே 20, புதன்

துணியில் அதே கிருமி. டம்ளரில் அதே. என் கையில், என் உடம்பில், அதே. எனக்கு ஒன்றும் செய்யாமல் வாடகையில்லாமல் குடியிருக்கிறதாம். வார்டை மூடிக் கழுவுகிறார்கள். தொட்டியைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அந்த மூன்று பேரின் ஆபரேஷனும் வேறு தளத்துக்குப் போய்விட்டது.

ஒரே கிருமி இருக்கிறவர்களை ஒரே அறையில் வைப்பது இங்கே வழக்கமாம். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு அறைக் கதவைத் திறந்தார்கள். உள்ளே ராஜாமணியக்கா.

மே 21, வியாழன்

அந்தக் கடைசி மருந்து நேற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. காய்ச்சல் இறங்கவில்லை. சிறுநீரை அளந்து அளந்து பார்க்கிறார்கள். அளவு குறைகிறது என்று சிஸ்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அக்கா சோற்றைத் தொடவில்லை. கஞ்சி கொடுத்தால் உதட்டை மூடிக்கொள்கிறார். மருந்துக்காவது உடம்பில் தெம்பு வேண்டாமா என்று டாக்டரம்மா கெஞ்சிவிட்டுப் போனார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "எதுக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சாகத் தயாராகிவிட்டார். பேச்சியம்மாள் சொன்னதை நம்பிவிட்டார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தொட்டியிலிருந்து ஆரம்பித்தேன். துணி, டம்ளர், நார், என் கை, தையல். எதையும் மிச்சம் வைக்கவில்லை. சொல்லி முடித்தபோது அக்கா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்ப இது சாமி குத்தம் இல்ல?"

"இல்லக்கா. என் குத்தம்."

"எம் புருசன் கோவிக்கல?"

"அவரு என்னத்துக்குக் கோவிக்கப் போறாரு. என் கை அழுக்குக்கா. அம்புட்டுத்தான்."

அக்கா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். என்னை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"எடு செருப்ப" என்றார். "நாலு நாளா அந்த மனுசங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு கெடக்கேன். அன்னைக்கே சொல்லியிருந்தா நிம்மதியாக் காய்ச்சல்ல கெடந்திருப்பேன்ல. பாவி மக."

அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளந்த வயிற்றோடு சிரிக்கக் கூடாது. தலையணையை எடுத்து அவர் வயிற்றில் நானே அமுக்கிப் பிடித்தேன், கையுறையோடு.

"நான் பொழைச்சேன்னு வையி, உன்ன மன்னிச்சுருவேன். பொழைக்கலைன்னா உன் மெஷின்ல வந்து உக்காந்துக்கிட்டு ஒரு ரவிக்கை தைக்க விட மாட்டேன். அந்தக் கஞ்சியக் கொண்டா."

முழு டம்ளரும் குடித்தார்.

மே 22, வெள்ளி

அக்கா ஒரு நிபந்தனை போட்டார். பேச்சியம்மாளிடம் நான் சொல்ல வேண்டும். ரகசியமாக இல்லை, அன்றைக்கு எப்படிக் கத்தினேனோ அப்படியே கத்திச் சொல்ல வேண்டும்.

ஐந்து நாளாக வராண்டா பெஞ்சிலேயே கிடக்கிறார் பேச்சியம்மாள். உள்ளே வரப் பயம், ஊருக்குப் போகவும் மனசில்லை. பார்வை நேரம், வராண்டா முழுக்க ஜனம். என் தெருக்காரர்கள் இரண்டு பேர், என்னிடம் ரவிக்கை தைப்பவர்கள், என்னைப் பார்க்க வந்து நிற்கிறார்கள். நான் அறை வாசலைத் தாண்டக்கூடாது. வாசலில் நின்றபடியே குரலை உயர்த்தினேன்.

"பேச்சியம்மா மதினி, எல்லாரும் கேளுங்க. அக்காவுக்கு இது பூவால வரல, சாமியால வரல. அழுக்குத் துணிய வச்சுக்கிட்டு, கையக் கழுவாம, கண்டவுக காயத்தயும் தொட்டுத் தொட்டுப் பாத்தது நான். எங் கையாலதான் வந்துச்சு. புருசன் இருக்கிற நூர்நிஷாவுக்கும் வந்துச்சு. கிருமி தாலியப் பாத்து வரல."

தெருக்காரர்கள் இரண்டு பேரும் என் கையையே பார்த்தார்கள். இந்தக் கைக்கு எங்கள் தெருவில் இருந்த பெயர் இன்றோடு போயிற்று. போகட்டும் என்று சொல்லத்தான் ஆசை, மனசு கேட்கவில்லை. அழுதுவிட்டேன்.

பேச்சியம்மாள் எழுந்தார். வாசலில் மாட்டியிருந்த கைமருந்தை ஜெசிந்தா சிஸ்டர் காட்டிய மாதிரி விரலிடுக்கெல்லாம் தேய்த்தார். மேலங்கி போட்டுக்கொண்டு உள்ளே வந்து, அக்கா கால்மாட்டில் நின்று, "சாப்புட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல மதினி. ஊட்டி விடுங்க" என்றார் அக்கா. மத்தியானம்தான் ஒரு தட்டு இட்லி சாப்பிட்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

மே 24, ஞாயிறு

காய்ச்சல் இறங்கியது. டாக்டரம்மா இரண்டு தடவை தெர்மாமீட்டரை உதறிப் பார்த்தார். நான் கட்டிலில் ஏறி ஆடாத குறை.

மே 27, புதன்

சிறுநீரகமும் சமாளித்துவிட்டது. புண் ஆறத்தான் மாசக்கணக்காகும், திறந்தே வைத்துக் கட்டுப் போட வேண்டும். நூர்நிஷா மதுரையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம், போனில் பேசினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த இன்னொரு அம்மாவின் வீட்டில் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள். நாளைக்கும் கூப்பிடுவேன்.

என்னை நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் எப்படி இருக்க வேண்டும், யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் போய்ப் பார்க்கலாமா கூடாதா, எல்லாம் ஜெசிந்தா சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். நான் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா மருந்து அசதியில் கண்ணை மூடியிருந்தார். பேச்சியம்மாள் அறைக்குள் இருக்கிற புதுத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்தும் குழாயை மூடவில்லை. என் பக்கம் திரும்பாமலே, தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசுகிற மாதிரி கேட்டார்.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கையச் சுத்தமாக் கழுவிட்டு, அன்னன்னைக்குப் பறிச்ச பூவா வச்சா... ஒண்ணும் செய்யாதுல்ல?"

"அக்காவுக்கா? வீட்டுக்குப் போனதும் தாராளமா வைக்கலாம். ஒண்ணும் செய்யாது."

அவர் குழாயை மூடினார். ஈரக்கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

"அவளுக்குக் கேக்கல" என்றார்.

நான் கையில் இருந்த சேலையை மடிக்க மறந்து நின்றேன். கட்டிலில் கண்ணை மூடியபடியே ராஜாமணியக்கா சொன்னார்:

"தமயந்தி, மதினிக்கு முடி கொஞ்சந்தான். ஒரு முழம் போதும்."